ஏழாம் சாடி

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மலாய்க்கார அம்மா, செடிகளைப் படித்தவர். கிராணி. நாற்றங்கால் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர். நம்ம ஆள்தான், தோட்டக் குடியிருப்பில் எங்கள் லயத்துக்குப் பக்கத்து லயத்தில் பிறந்தவர். சாடிகளுக்குத் தண்ணீர் விட்டுப் பூ பறித்துக் கொடுக்கும் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை அக்கா என்பாள். அப்புறம் நான். எண்ணுகிறவள்.

நான்கு பேர். மேசைமேல் என் தாள்கள்.

டாக்டரோடு பேச்செல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் என்னைக் கக் என்பார், அக்கா என்று அர்த்தம்.

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "கக், இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"ஏழாம் சாடி. முந்நூறுல இருநூத்தி எண்பத்தி ஒண்ணு நல்லதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"இருக்க முடியாது."

எண்ணினேன், எழுதினேன். இருக்க முடியுமா முடியாதா என்று என்னிடம் கேட்டால் என்ன சொல்வது?

கிராணி இருமினார். "டாக்டர், அவங்க ஆறாம் ஆண்டோட பள்ளிக்கூடத்த விட்டவங்க. கண்ணும் முன்ன மாதிரி இல்ல. ரெண்டு கையையும் மாத்தி அமுக்கியிருப்பாங்க." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்கக்கா. உள்ளதச் சொன்னேன்."

பூ பறிக்கிறவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். பூவிலிருந்து மகரந்தத் தூளைக் கண்ணாடித் துண்டில் தட்டுவேன். ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம். மேலே மெல்லிய கண்ணாடி. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். நல்ல தூள் சாயத்தைக் குடித்து உருண்டையாகச் சிவக்கும். வெறும் தூள் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். வலது கையில் சிவப்புக்கு ஓர் எண்ணும் கருவி, இடது கையில் வெறுமைக்கு ஒன்று. கட்டைவிரலால் அமுக்கினால் டிக். இரண்டும் சேர்ந்து முந்நூறு ஆனதும் நிறுத்துவேன். தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு பூவுக்கு ஒரு தாள்.

இதை நான் கற்றது எண்ணெய் எடுக்கிற செம்பனையில். அசாம் ஜாவா என்கிற ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டம். அங்கே விதைக்காக மரங்களை இணைசேர்ப்பார்கள். ஆண் பூவின் தூளைக் காயவைத்து, பவுடரில் கலந்து, பை கட்டிய பெண் பூவுக்குள் ஊதிவிட வேண்டும். பதினெட்டு வருடம் ஊதினேன். முள் குத்தாத விரல் இல்லை. முழங்கால் போன பிறகு உள்ளே உட்காரவைத்து, தூள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். எண்ணினேன். நன்றாக எண்ணுகிறேன் என்று டாக்டர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டாக்டருடையது வேறு செடி. மலையில் முளைக்கும் ஒரு காட்டு இஞ்சி. பூ சுண்டுவிரல் நகம் அளவுதான், மஞ்சள். மகரந்தக் காம்பு ஒன்றே ஒன்று, தூண்டில் மாதிரி வளைந்து நிற்கும். பிரேசர் மலைக்கு ஏறும் சாலையோரத்தில் கீழிருந்து மேலே பன்னிரண்டு இடங்களில் தோண்டி எடுத்து வந்தார். இடத்துக்கு ஒரு சாடி. ஒன்றாம் சாடி அடிவாரம். பன்னிரண்டாம் சாடி உச்சி. எங்கள் நாற்றங்காலில் கறுப்பு வலைக்குக் கீழே வரிசையாக வைத்தார்கள். மலைச் செடிக்கு இந்த ஊர்ச் சூடு ஆகாது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் இலவசமாக இடம் கொடுத்தது எங்கள் தோட்டம்தான்.

வேர் நுனியை நசுக்கிப் பார்த்தால் உள்ளே குரோமோசோம் தெரியும். டாக்டர் எனக்கு ஒருமுறை காட்டினார். கத்தரித்துப் போட்ட நூல் துண்டுகள் மாதிரி இருந்தது. கீழ்ச் செடிகளில் முப்பத்திரண்டு துண்டு. மேல் செடிகளில் நாற்பத்தெட்டு. முப்பத்திரண்டு என்பது இரண்டு பதினாறு, இரண்டாக ஒழுங்காகப் பிரியும், தூளும் நன்றாக வரும். நாற்பத்தெட்டு என்பது மூன்று பதினாறு. அதை இரண்டாகப் பிரிக்கும்போது செடிக்குக் கணக்கு ஒத்துவராது. தூள் வெறுமையாகப் போகும். அந்தச் செடி விதையை நம்பாது. பூத்தண்டிலேயே குட்டிக் கிழங்கு விடும், அது கீழே விழுந்து முளைக்கும்.

ஆறாம் சாடி வரை முப்பத்திரண்டு. ஏழிலிருந்து நாற்பத்தெட்டு. செடி மலையில் எந்த இடத்தில் மாறுகிறது என்பதுதான் டாக்டரின் கேள்வி. மாறுகிற இடம் ஏழு.

அந்த ஏழின் தூள் வெறுமையாக இருக்க வேண்டும். முதலில் அப்படித்தான் இருந்தது. முந்நூறில் பத்து, பதினைந்து சிவப்பு. தீபாவளி கழிந்து சில வாரங்களில் நிரம்பி வர ஆரம்பித்தது. நான் கிராணியிடம் போய்ச் சொன்னேன். ஏழு மாறிப்போச்சு, டாக்டருக்குப் போன் போடுங்க என்றேன். அவர் கணினியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"எண்ணுறது உங்க வேல. நெனைக்கிறது டாக்டர் வேல. போங்கக்கா."

போனேன். எண்ணினேன். டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தாள்களை எடுத்துப் பார்ப்பார். சித்திரையில் வந்தார். பார்த்தார். எங்களைக் கூப்பிட்டார்.

"இப்பவே திரும்ப எண்ணுறீங்களா?" என்று அன்று அந்த அறையில் கேட்டார்.

எண்ணினேன். அன்று காலையில் பறித்த ஏழாம் சாடிப் பூ. மூன்று பேரும் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். இருநூற்று எழுபத்தாறு சிவப்பு, இருபத்துநான்கு வெறுமை. எழுந்து இடம் விட்டேன். டாக்டர் குனிந்து பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது.

"சாயம் கெட்டுப்போயிருக்கும்," என்றார் கிராணி. "வெறுந்தூளும் செவந்துரும். மூடி வைக்கச் சொன்னா யாரு கேக்குறா?"

முதலில் கண். பிறகு கை. இப்போது சாயம். எதுவானாலும் நான்.

டாக்டர் தாள்களை அடுக்கினார். கோபப்படவில்லை. அதுதான் மோசம். "கக், இது தப்புன்னா மத்த தாள்களையும் நான் நம்ப முடியாது. மூணு வருசத்துத் தாளையும் ஒதுக்கணும். நாளைக்குக் காலைல முடிவு சொல்றேன்." கோல சிலாங்கூரில் அறை எடுத்திருந்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று வருடம். அந்த நாற்காலி. அந்த இரண்டு கட்டைவிரல்.

சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடவில்லை. சாடிகளைப் பார்க்கப் போனேன். அதுவரை நான் அந்த வலைக்குள் அதிகம் போனதில்லை. பூ பறிக்கிறவள் காலை ஏழு மணிக்குப் பறித்து, நம்பர் ஒட்டிய குப்பியில் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். நான் குப்பியைத்தான் பார்ப்பேன்.

ஏழாம் சாடிக்கு முன்னால் குந்தினேன். முழங்கால் வலித்தது. பூத்தண்டைப் பிடித்துத் தடவினேன். எட்டாம் சாடியின் தண்டில் குட்டிக் கிழங்குகள் கொத்தாக இருந்தன. ஒன்பதிலும் இருந்தன. ஏழில் ஒன்றுகூட இல்லை. ஆறைப் பார்த்தேன். அதிலும் இல்லை. ஏழில் மண் வேறு நிறம், செம்பனைக் கன்றுக்குப் போடுகிற மண்.

அவள் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ஏழுல என்னா வச்ச?"

அவள் நிமிரவில்லை. "செத்துப்போச்சுக்கா."

"எப்ப?"

"பெரிய ஆளுங்க பாக்க வந்தாங்கல்ல, தீபாவளிக்கு முந்தி. அப்ப. நாலு சாடி கருகிப்போயிருந்துச்சு. கிராணி வந்து பாத்தாரு. பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு, ரொப்பிவுடுன்னாரு."

"எத வச்சு ரொப்புன?"

"பக்கத்துச் சாடியில புடுங்கி வச்சேன். ஏழுக்கு ஆறுலேருந்து. ஆறு நல்லா மண்டிக் கெடந்துச்சு."

"நம்பர் பட்டைய ஏன் மாத்தல?"

இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "எதுக்குக்கா மாத்தணும்? செடி செத்தா சாடி நம்பரு மாறுமா?"

செம்பனை நாற்றங்காலில் அப்படித்தான். பையில் கன்று செத்தால் அதே இடத்தில் வேறு கன்றை வைப்போம். நம்பர் இடத்துக்கு. கன்றுக்கு இல்லை. காலி இல்லாமல் இருந்தால் மானேஜர் சந்தோஷப்படுவார். இருபது வருடமாக அவளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னை ரொப்பச் சொல்லியிருந்தாலும் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

"காலைல ஏன் வாயத் தொறக்கல?"

"கிராணி முன்னாடியே சொல்லிட்டாரு. பேசுனா ஒன் தலைலதான் விழும்னு. எங் காண்டிராக் அடுத்த மாசம் முடியுதுக்கா."

"எந் தலைல விழுந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேன்." வாளியைக் கவிழ்த்தாள். "நீங்க கெட்டியான ஆளு. தாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

அடிக்கக் கை வந்தது. கையைக் கட்டிக்கொண்டேன். அவளிடம் நின்று பிரயோசனம் இல்லை. அலுவலகத்துக்குப் போனேன்.

கிராணி பிளாஸ்டிக் பையில் உறிஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன்.

"ஏழு செத்தது ஒங்களுக்குத் தெரியும்."

"ஒக்காருங்கக்கா."

"ரொப்பச் சொன்னது நீங்க."

"மொதல்ல ஒக்காருங்க லா. எதுக்கு நின்னுக்கிட்டு?" உறிஞ்சியை வாயிலிருந்து எடுத்தார். "இதப் பெருசாக்கினா அந்தப் பொண்ணு வேல போவும். எம் பேரும் கெடும். டாக்டரு செடியத் தூக்கிக்கிட்டு வேற எடத்துக்குப் போயிருவாங்க. அப்ப ஒங்க நாற்காலியும் போவும். யோசிங்க. தப்பா எண்ணிட்டேன், வயசாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. முடிஞ்சுபோச்சு."

"நான் தப்பா எண்ணல."

"தெரியும்க்கா."

தெரியும் என்றார். சாதாரணமாகச் சொன்னார், மழை வரும் தெரியும் என்பது மாதிரி. காலையில் என் கண் போய்விட்டது என்று சொன்ன அதே வாய். என்னை நம்பாமல் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இந்த ஆளுக்கு என் கணக்கின்மேல் டாக்டரைவிட நம்பிக்கை இருந்தது. அதனால்தான் அதைக் கெடுக்க வேண்டியிருந்தது.

"வயசான கண்ணுன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க," என்றார் மறுபடியும்.

"ஒங்கம்மா கண்ணு தொண்ணூறு வயசுலயும் ஊசியில நூல் கோத்துச்சு. எங்கம்மாவே ஊசியக் கொண்டுபோயிக் கோத்து வாங்கிட்டு வருவாங்க. வயசு பத்தி எங்கிட்டப் பேசாதீங்க."

கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியவை வந்தன. எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். அதே நான்கு பேர். இரவு முழுக்க மலாய்ச் சொற்களைத் தேடி அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவள் பேசிவிட்டாள், பசார் மலாயில், கடைத்தெருவில் பேசுகிற மலாயில்.

"டாக்டர், அந்தச் செடி செத்துச்சு. நான் வேற வச்சேன். அக்கா கண்ணு நல்லாத்தான் இருக்கு."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. அவள் சாடிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டைத் தொட்டாள். மூன்றைத் தொட்டாள். ஏழைத் தொட்டாள். பத்தைத் தொட்டாள். இது செத்தது, இது செத்தது என்றாள். எப்போது, எதிலிருந்து எடுத்து வைத்தாள் என்று டாக்டர் கேட்டார். ஏழு மட்டும் நன்றாக நினைவிருந்தது. மற்றதெல்லாம் பக்கத்திலிருந்து என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"யார் செய்யச் சொன்னது?"

அவள் கிராணியைப் பார்த்தாள்.

"புல்லப் புடுங்கிச் சுத்தமா வைன்னுதான் சொன்னேன்," என்றார் கிராணி. "இவங்களுக்குப் பாதிதான் காதுல விழும்."

"ரொப்பச் சொன்னதா நேத்து எங்கிட்ட ஒத்துக்கிட்டாரு," என்றேன்.

"எப்ப ஒத்துக்கிட்டேன்? என்னாக்கா இது?"

அவர் சொன்னது தெரியும் என்ற ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? டாக்டர் எங்கள் மூவரையும் பார்த்தார். யாரை நம்புகிறார் என்று முகத்தில் இல்லை.

"மேல போவோம்," என்றார். "ஏழாம் இடத்துல தாய்ச்செடி இருக்கும். கக், நீங்களும் வாங்க."

பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோலகுபு போய் மலை ஏறினோம். மூன்று வருடம் அந்த மலையின் தூளை எண்ணியிருக்கிறேன், மலையைப் பார்த்ததில்லை. குளிர். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

ஓர் ஓடைப் பாலத்துக்கு அப்பால் காரை நிறுத்தினார். சரிவில் ஒரு குச்சி, அதில் கம்பியால் கட்டிய தகரப் பட்டை. ஏழு. பக்கத்தில் செடி நின்றது. பூத்தண்டில் கொத்துக் கொத்தாகக் குட்டிக் கிழங்கு. விழுந்து முளைத்தவை சுற்றிலும் பச்சையாகக் கிடந்தன. தூள் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் காரின் பின் கதவைத் தூக்கி, அங்கேயே மைக்ராஸ்கோப்பை வைத்தார். புதுச் சாயம், மூடி உடைக்காதது. நான் குனிந்தேன். விரல் விறைத்திருந்தது. இடது கை டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருந்தது. வலது கை சும்மா இருந்தது. முந்நூறு. சிவப்பு பதினொன்று.

டாக்டர் அதே கண்ணாடியை எண்ணினார். பன்னிரண்டு என்றார். மறுபடி எண்ணினார். பதினொன்று என்றார்.

"உங்க எண்ணிக்கை சரி, கக்."

தலையை ஆட்டினேன். இறங்கினோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் டாக்டர் திரும்பி வந்தார். மூன்று வருடத் தாள் நிற்கும் என்றார். ஆனால் அந்த நான்கு சாடிகளில் தீபாவளிக்கு முன் ரொப்பிய நாளிலிருந்து எண்ணியதை எல்லாம் கோடு போட்டு அடிக்க வேண்டும் என்றார்.

"எண்ணினது சரின்னு நீங்கதான் சொன்னீங்க."

"எண்ணிக்கை சரி. எந்தச் செடியோடதுன்னு தெரியாது."

"ஏழுல இருந்தது ஆறோட செடி. அவ சொன்னாளே."

"அவங்க ஞாபகத்த நான் புத்தகத்துல எழுத முடியாது, கக்."

அவர் சொல்வது சரிதான். எனக்கும் புரிந்தது. புரிந்தால் கோபம் போய்விட வேண்டும் என்று சட்டம் இல்லை. சரியாக எண்ணியதால்தான் பொய் வெளியே வந்தது. தப்பாக எண்ணியிருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அந்தத் தாள்களும் அழகாகப் புத்தகத்தில் ஏறியிருக்கும்.

பூ பறிக்கிறவளுக்குக் காண்டிராக் நீட்டவில்லை. இப்போது சுங்கை பஞ்சாங் பக்கம் ஓர் ஆலையில் நெல் மூட்டைக்கு வாய் தைக்கிறாள். கிராணி கிராணியாகவே இருக்கிறார். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் வெப்பத்தால் செடிகள் பாதிக்கப்பட்டன என்று எழுதினார். அறிக்கையில் ஆள் யாரும் இல்லை. வெப்பம்தான் இருந்தது.

தாள்களை அடிக்கிற வேலை என்னுடையது. கையெழுத்து என்னுடையது என்பதால் கோடும் நான்தான் போட வேண்டுமாம், பக்கத்தில் மறுபடி கையெழுத்தும் போட வேண்டுமாம். அது அவர்கள் முறை. பதிவேட்டைப் பார்த்துத் தாள் நம்பரைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். கிராணி உட்கார்ந்தார்.

அவர் படித்தார். நான் தாளை உருவினேன். குறுக்கே ஒரு கோடு. கையெழுத்து. அவர் படித்தார். இன்னொரு கோடு. ஒவ்வொரு தாளிலும் என் எழுத்து. சிவப்பு இத்தனை, வெறுமை இத்தனை, கூட்டினால் முந்நூறு. ஒரு தாளிலும் கூட்டல் பிசகவில்லை.

பாதியில் அவர் நிறுத்தினார். "தேத்தண்ணி சொல்லவாக்கா?"

"படிங்க."

படித்தார். முடிந்தது. பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தார். மொத்தம் எத்தனை என்று டாக்டர் கேட்டிருக்கிறார், கீழே எழுதிவிடுங்கள் என்றார். எழுதினேன். நாற்பத்தொரு தாள். டாக்டருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. தாளுக்கு முந்நூறு போட்டுப் பெருக்கினேன். கீழே அதையும் எழுதினேன்.

பன்னிரண்டாயிரத்து முந்நூறு.